கம்ப்யூட்டருக்கு மொழி தந்த கிரேஸ் ஹாப்பர்

ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஒரு சந்தேகம் வந்தது. அலாரம் கடிகாரம் குறித்த நேரத்தில் எப்படி மணி அடிக்கிறது?

ஒரு கடிகாரத்தை எடுத்துக் கழற்றினாள். சக்கரங்களும் திருகுகளும் சிதறின. மறுபடி மாட்டத் தெரியவில்லை. அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்த கடிகாரத்தைக் கழற்றினாள். அதுவும் புரியவில்லை. இப்படியே வீட்டில் இருந்த 7 கடிகாரங்களையும் கழற்றிப் போட்டுவிட்டாள்!

தாயார் வந்து பார்த்தார். இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தைத்தான் கழற்றலாம் என்று உத்தரவு போட்டார். அடியோடு கழற்றக் கூடாது என்று தடுக்கவில்லை.

அந்தச் சிறுமிதான் பிற்காலத்தில் கம்ப்யூட்டர் உலகையே மாற்றி அமைத்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

லத்தீனில் தோல்வி

1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் கிரேஸ் பிறந்தார். தந்தை வால்ட்டர் மர்ரே இன்சூரன்ஸ் தொழில் செய்து வந்தார். மகனுக்குக் கொடுக்கும் படிப்பை மகள்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

வாசர் என்ற பெண்கள் கல்லூரியில் சேர கிரேஸ் பரீட்சை எழுதினார். லத்தீன் பாடத்தில் தோற்றுவிட்டார். மனம் தளராமல் மேலும் ஓர் ஆண்டு படித்து, அதே கல்லூரியில் சேர்ந்தார். 1928-ல் பட்டம் பெற்றார். 1930-ல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்தார். 1934-ல் ஏல் பல்கலைக் கழகத்தில் கணித டாக்டர் பட்டம் வாங்கினார். தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார்.

எடை போதவில்லை!

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்காவும் இறங்கியது. கிரேஸ் கடற்படையில் சேர விண்ணப்பம் போட்டார். வயது அதிகம் என்றார்கள். எடையோ 15 பவுண்டு குறைவு. அவர் விடவில்லை. விசேஷ அனுமதி வாங்கிக் கொண்டு, 1943-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சேர்ந்தார். பயிற்சியில் முதலாவதாகத் தேறினார்.

1944-ம் ஆண்டு ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பேராசிரியர் ஹோவர்டு ஐக்கனின் பொறுப்பில் ஒரு ராட்சதக் கணக்கு எந்திரம் இருந்தது. பெயர் மார்க்-1. நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை சுமார் 5 டன். ஒரு வினாடியில் 3 கூட்டல் கணக்குகளைப் போடும். இன்று இது நமக்குச் சிரிப்பாக இருக்கும். அன்றைக்கு அதுதான் அசுர வேகம்!

நோட்டுப் புத்தகத்தில் பிறந்த யோசனை

எந்திரத்துக்குத் தானாக ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு படியாகக் கட்டளை போட வேண்டும். அந்தக் கட்டளைகளின் வரிசைக்குத்தான் புரோகிராம் என்று பெயர். அவற்றை எண்களாக மாற்றி, காகித நாடாவில் துளைகளாகப் போட வேண்டும். ஒரு துளை தவறினால் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

கிரேஸும் கூட வேலை பார்த்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். சரியாக வேலை செய்த கட்டளைகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். ஒருவர் நோட்டை இன்னொருவர் வாங்கி, தமக்கு வேண்டியதைப் பார்த்து எழுதிக் கொள்வார். ஒருவர் பட்ட பாட்டை மற்றவரும் பட வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் பார்த்து எழுதும்போது பிழைகள் புகுந்தன. அப்படியானால் அந்த வேலையை எந்திரத்திடமே விட்டுவிட்டால் என்ன? கிரேஸின் மனதில் இந்த யோசனை வேரூன்றியது.

யாரும் நம்பவில்லை

1945-ல் யுத்தம் முடிந்தது. அதே ஆண்டில் அவருடைய மண வாழ்க்கையும் முறிந்தது. கிரேஸ் வேலையில் மூழ்கினார். 1949-ல் பிலடெல்பியா நகரத்துக்குப் போய், யூனிவாக் என்ற கம்ப்யூட்டரைத் தயாரித்து வந்த கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய யோசனை உருவம் பெற்றது. சரியென்று தேறிய ஒவ்வொரு கட்டளைத் தொகுதிக்கும் ஓர் அடையாளம் கொடுத்தார். அவற்றைக் காந்த நாடாவில் பதிவு செய்தார். வேண்டியவற்றின் அடையாளங்களை வரிசையாகக் கொடுத்தால் போதும். எந்திரமே அவற்றைத் தேடி எடுத்து, கோத்து, முழு புரோகிராமாக ஆக்கிவிடும். இதற்குக் கம்பைலர் என்று பெயர் வைத்தார். 1952-ல் இதைப் பற்றி அறிஞர்கள் கூட்டத்தில் விளக்கினார்.

பலர் நம்பவில்லை. கணக்குப் போடும் எந்திரம் புரோகிராம் எழுதுமா என்று கேட்டார்கள்.

1953-ல் ஏ-2 என்ற மேம்பட்ட கம்பைலர் தயாராயிற்று. அதை வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்தபோது ஒரு புதுமை நடந்தது. கம்பைலரின் உள்ளே எழுதியிருந்த கட்டளைகள் எல்லாமே திறந்து கொடுக்கப்பட்டன. படித்துப் பாருங்கள், திருத்தங்கள் செய்தால் எங்களுக்கும் அனுப்புங்கள் என்று கேட்டுக் கொண்டார்கள். பலகாரத்தோடு செய்முறையையும் எழுதிக் கொடுத்தது போல!

இன்று இதை ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். அந்தப் பெயர் பிறந்ததே 1998-ல்தான்.

ஆங்கிலம் மட்டும் போதும்!

அடுத்ததாக, எண்களுக்குப் பதிலாக மனிதர் பேசும் சொற்களில் கட்டளை போட விரும்பினார் கிரேஸ். கம்பெனி நிர்வாகிகளுக்கு ஒரு மாதிரி காட்டினார். ஒரே புரோகிராமை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி ஓட்டினார். நிர்வாகிகள் திடுக்கிட்டார்கள். அமெரிக்காவில் செய்த எந்திரத்துக்கு ஜெர்மன் எப்படிப் புரியும்? ஆங்கிலம் மட்டுமே பயன்படுத்துவதாக உறுதி சொன்ன பிறகுதான் அனுமதி கிடைத்தது.

இந்த வேலையை அடிப்படையாகக் கொண்டு, 1959-ல் பல கம்பெனிகளும் அரசாங்க அதிகாரிகளும் கூடி கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். கிரேஸ் ஆலோசனை சொன்னார். அந்த மொழி எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை என்று அறிவிக்கப்பட்டது. 1960 டிசம்பரில் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் எந்திரங்களில் ஏறக்குறைய ஒரே கோபால் புரோகிராம் ஓடியது.

ஒரு மாடு போதாவிட்டால்

1966-ல் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. மறு ஆண்டே 6 மாதத்துக்கு மட்டும் என்று திரும்ப அழைத்தது. அந்த 6 மாதம் 19 ஆண்டுகளாக நீண்டது! 1985-ல் ரியர் அட்மிரல் பதவி வரை உயர்ந்தார். 1986-ல் ஓய்வு பெற்றபோது வயது 79.

போகிற இடமெல்லாம் ஓர் அடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித் துண்டுகளைக் கொண்டு போவார். ஒரு வினாடியை 100 கோடியாகப் பங்கிட்டால், ஒரு பங்கு நேரத்தில் மின்சாரம் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான் என்று காட்டுவார். ஆகவே ஒரே எந்திரத்தின் வேகத்தை எல்லையில்லாமல் கூட்ட முடியாது. அந்தக் காலத்தில் பெரிய மரத்தை ஒரு மாடு இழுக்காவிட்டால், இன்னொரு மாட்டைச் சேர்த்துப் பூட்டினார்களே தவிர, பெரிய மாட்டை வளர்க்கப் பார்க்கவில்லை என்று சொல்லி, பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துப் பூட்டும்படி கூறுவார்.

1992-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, தமது 85-வது வயதில் காலமானார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. 2010-ல் கலிபோர்னியாவில் விஞ்ஞானிகளுக்காக ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் நிறுவப்பட்டது. 1½ லட்சத்துக்கும் அதிகமான கணக்கிடும் பகுதிகளைச் சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். வினாடிக்கு 1,000 லட்சம் கோடி கணக்குகளுக்கு மேல் போட்டது. அதற்கு வைத்த பெயர் ஹாப்பர்!

அவருடைய திறந்த வழியும் நிலைத்தது. 2017 நவம்பரில் வெளியான பட்டியலில், உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களும் லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் புரோகிராமிலேயே ஓடின. ஜி.சி.சி. போன்ற கம்பைலர்களையும் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம்.

அன்று ஏழு கடிகாரங்கள் கெட்டதில் அந்தத் தாய்க்குக் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால், எட்டாவது கடிகாரத்தைத் தொடாதே என்று அவர் சொல்லியிருந்தால், நஷ்டம் உலகத்துக்கு அல்லவா!