மரக்குழாயில் கேட்ட ஆட்டுக் குரல்

டாக்டர் என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று ஊசி, மற்றொன்று கழுத்தில் தொங்கும் குழாய். ஊசியைக் கண்டு அழும் குழந்தைகூட அந்தக் குழாயைப் பிடித்து இழுத்து விளையாடும். அதை உலகுக்குத் தந்தவர் ரேனே லேனெக் என்ற பிரெஞ்சு டாக்டர்.

பிரான்சின் மேற்குக் கோடியில் பிரிட்டனி மாகாணம். அங்கே கேம்பேர் என்ற ஊரில் 1781-ல் அவர் பிறந்தார். 5 வயதில் தாயை இழந்தார். நாந்த் நகரில் டாக்டராக இருந்த தந்தையின் சகோதரர்தான் அவரை வளர்த்தார். 20 வயதில் பாரிசுக்குப் படிக்கப் போனார். மெலிந்த உடம்பு. ஓய்வு கிடைத்தால் புல்லாங்குழல் வாசிப்பார்.

அந்த நாளில் நெஞ்சு நோயை அறிய விரலால் தட்டிப் பார்க்கும் வழி ஒன்று இருந்தது. ஆஸ்திரியாவில் சத்திரக்காரர் ஒருவரின் மகனான ஆவன்புருகர் என்ற டாக்டர் 1761-ல் சொன்ன வழி அது. பீப்பாயைத் தட்டினால் காலியான இடம் 'டம் டம்' என்னும். நிறைந்த இடம் 'மொத்' என்னும். நெஞ்சும் அப்படித்தான். லேனெக்கின் ஆசிரியர் கோர்விசார் இதைத் தம் மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

ஆனால் ஒரு சங்கடம். நிமோனியாவால் நுரையீரல் இறுகிப் போனாலும் 'மொத்'தென்றுதான் கேட்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டாலும் அதே சத்தம்தான். நீர் என்றால் துளை போட்டு வெளியேற்றலாம். இறுகிய நுரையீரலில் துளை போட்டால் ஆபத்துதான் மிஞ்சும்.

1816-ல் பாரிசின் நெக்கர் ஆஸ்பத்திரியில் லேனெக் டாக்டராக இருந்தார். இதய நோயுள்ள ஓர் இளம் பெண் அவரிடம் வந்தாள். பருத்த உடம்பு, தட்டிப் பார்த்ததில் பயனில்லை. மார்பில் காதை வைத்துக் கேட்கவோ கூச்சம். மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் காது வைத்தவருக்கு அது தெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. (சிறுவர்கள் அப்படி விளையாடியதை அவர் பார்த்தார் என்று ஒரு கதையும் உண்டு.) சில காகிதத் தாள்களை இறுகச் சுருட்டினார். ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதயத் துடிப்பு வெறும் காதில் கேட்பதைவிட நன்றாகக் கேட்டது!

பிறகு சுமார் ஒரு அடி நீளத்தில் மரக்குழாய் செய்தார். மூன்று வருஷம் நோயாளிகளின் நெஞ்சைக் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்தார். இறந்தவர்களின் உடலைத் திறந்து, தாம் கேட்டது சரிதானா என்று பார்த்தார். இந்தப் பொறுமைதான் குழாயைவிடப் பெரிய விஷயம்.

தட்டினால் ஒரே மாதிரி ஒலித்தவை குழாயில் வேறு வேறாகக் கேட்டன. இறுகிய நுரையீரலில் மூச்சு கரகரத்துப் பலமாகக் கேட்டது. நீர் நிறைந்த இடத்தில் மூச்சே அடங்கிப் போயிற்று. நோயாளியைப் பேசச் சொன்னால், நீரின் மேல்மட்டத்தருகே குரல் நடுங்கி, ஆடு கத்துவதுபோல் கேட்டது. அதற்கு ஆட்டுக் குரல் என்றே கிரேக்க மொழியில் பெயர் வைத்தார். சீழ் கட்டுவது, வெறும் நீர் கோப்பது, ரத்தம் தேங்குவது, காற்று அடைப்பது என நெஞ்சுக்கூட்டின் நோய்களைப் பிரித்து 1819-ல் நூல் எழுதினார்.

எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய உதவி! நீர் இருப்பதைக் குழாய் சொல்லும். ஏன் வந்தது என்று முழுவதும் சொல்லாது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நிமோனியாதான் காரணம். அது முற்றினால் சீழாகும். க்ஷயரோகத்தாலும் வரும். சிறுநீரகக் கோளாறில் முகமும் காலும் வீங்கி, இரு பக்கமும் நீர் சேரலாம். ஆகவே இன்று டாக்டர்கள் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்க்கிறார்கள்; வேண்டுமானால் ஊசியால் சிறிது நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். காய்ச்சலும் இருமலுமாக இருக்கும் குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

லேனெக்கையும் க்ஷயரோகம் பிடித்தது. 1826-ல் பாரிசை விட்டுத் தம் பிரிட்டனிக்கே திரும்பினார். உறவினரான மெரியாதெக்கும் டாக்டர். அவரைத் தம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கச் சொன்னார். கேட்டதை அவர் சொல்லச் சொல்ல, நோய் என்ன என்பது லேனெக்குக்குத் தெளிவாகிவிட்டது. அந்த ஆகஸ்டில், 45-வது வயதில் காலமானார். உயிலில் தம் மரக்குழாயை மெரியாதெக்குக்கே எழுதி வைத்திருந்தார்.