கோபுரமும் கோவிலும்

அண்ணல் காந்தியடிகள் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது முழங்கால் வரை கட்டிய வேட்டியும், கைத்தடியும், பொக்கைவாய்ச் சிரிப்பும்தான். ஆனால், கோட்டும் டையும் அணிந்து, கையில் வரைபடத்துடன் அயல்நாட்டுத் தெருக்களைச் சுற்றிப் பார்த்த ஒரு மாணவக் காந்தியும் இருந்தார். அவர் கண்ட காட்சிகளில் எவை அவர் மனத்தில் நின்றன, எவை மறைந்தன என்பதைச் சத்திய சோதனை என்னும் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார்.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தவர் மோகன்தாஸ். தந்தையை இழந்திருந்த அவர், தமையனாரின் பொருளுதவியுடன் சட்டம் படிக்க 1888 செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார். மதுவும் மாமிசமும் தொடுவதில்லை, ஒழுக்கம் தவறுவதில்லை என்று தாயார் புத்லிபாய்க்கு வாக்களித்த பிறகே அவருக்குப் பயண அனுமதி கிடைத்தது.

லண்டன் சென்ற புதிதில் மற்றவர்களைப் போல நாகரிகமாகத் தோன்ற விரும்பிப் பட்டுத் தொப்பி வாங்கினார். நடனம் பழகினார், வயலினும் கற்க முயன்றார். சில மாதங்களில் அந்த மோகம் தெளிந்தது. செலவிடும் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டிச் சத்தம் கொடுக்காமல் நாள்தோறும் எட்டு, பத்து மைல் நடந்தார். ஒற்றை அறையில் தங்கித் தாமே கஞ்சி காய்ச்சிக் குடித்து, ஒரு நாள் உணவை ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் முடித்த காலமும் உண்டு.

லண்டனில் அவர் கண்டவர்களுள் ஒருவர் கர்தினால் மேனிங். 1889-இல் துறைமுகத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, அது நல்ல முறையில் முடிய அரும்பாடுபட்டவர் இந்தத் திருச்சபைத் தலைவர். அவருக்கு நன்றி சொல்ல விரும்பிய நாராயண ஹேமசந்திரர் என்ற நண்பருடன் காந்தியும் சென்றார். சில நிமிடங்களே நீடித்த அச்சந்திப்பில், மெலிந்து உயர்ந்த அந்த முதியவர் கைகுலுக்கியதைக் காந்தி பின்னாளிலும் நினைவில் வைத்திருந்தார்.

பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டையொட்டி 1889-இல் பாரிஸ் மாநகரில் மாபெரும் கண்காட்சி நடைபெற்றது. அதற்காக எழுப்பப்பட்டதே 300 மீட்டர் உயரமுள்ள ஈஃபில் கோபுரம். அக்காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். காந்தி பாரிஸ் சென்று, ஒரு சைவ உணவு விடுதியில் அறை எடுத்து ஏழு நாட்கள் தங்கினார். தாய்க்குக் கொடுத்த வாக்கு அங்கும் காப்பாற்றப்பட்டது. பெரும்பாலும் கால்நடையாகவே ஊரைச் சுற்றிப் பார்த்தார்.

ஈஃபில் கோபுரத்தில் அவர் இரண்டு மூன்று முறை ஏறினார். அதன் முதல் தளத்தில் ஓர் உணவு விடுதி இருந்தது. அவ்வளவு உயரத்தில் உணவருந்தினேன் என்று பிறரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவரையும் விடவில்லை. அதற்காக ஏழு ஷில்லிங்கைச் செலவழித்தார். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்று நாம் கணக்கிட்டால், அவர் சிக்கனமாய் வாழ்ந்த நாட்களில் ஐந்து நாளைக்கு மேல் வயிறு நிறையப் போதுமான பணம் அது! பணத்தை வீணாக்கியதாகவே பின்னர் அவர் கருதினார். அதை மறைக்காமல் உலகறிய எழுதியும் வைத்தார்.

கண்காட்சியைப் பற்றி, அது மிகப் பெரியது, பலவகைப் பொருள்கள் கொண்டது என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் நினைவில்லை. கோபுரமோ, பெரியவர்களும் குழந்தைகளாகிக் கூடி வேடிக்கை பார்க்கும் ஒரு விளையாட்டுப் பொருளாகவே அவருக்குப் பட்டது. ஆனால் பாரிஸின் பழமையான தேவாலயங்களை அவர் மறக்கவேயில்லை. சிறப்பாக, 1163-இல் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட, தேவ அன்னையின் பெயர் தாங்கிய நோத்ர தாம் பேராலயம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

வெளியே தெருவெங்கும் ஆரவாரமும் ஆடம்பரமும். உள்ளே நுழைந்ததும் பேரமைதி. அன்னையின் சுரூபத்தின்முன் முழந்தாளிட்டு வேண்டுவோரைக் கடந்து செல்பவர்களின் நடையிலும் தானாகவே பணிவு வந்துவிடுவதைக் காந்தி கவனித்தார். இவர்கள் வெறும் கல்லை வணங்கவில்லை. கல்லின் வழியாகக் கடவுளையே வணங்குகிறார்கள் என்று உணர்ந்தார். வேறு சமயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவர், நம் ஆலயத்தில் நின்று, நம் செபத்தின் பொருளை இவ்வளவு தெளிவாகக் கண்டுகொண்டார் என்பது நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது.

1891-இல் பாரிஸ்டராகி அவர் தாயகம் திரும்பினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1931 டிசம்பரில், வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில் ரோமாபுரியில் இறங்கினார். வத்திக்கானில் பாடுபட்ட சுரூபத்தின்முன் நின்றபோது, அவ்விடத்தை விட்டு அகல அவருக்கு மனமே வரவில்லை. 1948 ஜனவரி 30-ஆம் நாள் வழிபாட்டுக்குச் செல்லும் வழியிலேயே அவர் உயிர் நீத்தார்.

நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15-இல் தீப்பற்றி எரிந்தது. அன்றிரவு பாரிஸ் மக்கள் தெருவில் முழந்தாளிட்டுச் செபித்தார்கள். பழுது பார்க்கப்பட்ட ஆலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

சுற்றுலா சென்று திரும்பினால், எவ்வளவு உயரம் ஏறினோம், என்ன சாப்பிட்டோம் என்பதையே நாம் முதலில் சொல்கிறோம். அங்குள்ள மனிதர்கள் எதற்காகத் தலை வணங்குகிறார்கள் என்று பார்க்கிறோமா? நம் பள்ளியில் பல சமயத் தோழியர் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறோம். அவர்களுடைய கோவிலையும் பள்ளிவாசலையும், அன்று நம் அன்னையின் ஆலயத்தை அந்த மாணவர் பார்த்தது போல, மதிப்புடன் பார்க்க நாமும் கற்றுக்கொள்வோமாக!