காகிதத்திலிருந்து கணினி வரை: லூயி பிரெய்லியின் ஆறு புள்ளிகள்

புதுதில்லி, ஜன. 4: பார்வையற்றோர் விரல் நுனியால் படிக்கவும், தம் கையாலேயே எழுதவும் வழிவகுத்த லூயி பிரெய்லியின் பிறந்த நாளான ஜனவரி 4, உலக பிரெய்லி தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. காகிதத்துக்காக அவர் வகுத்த புள்ளி முறை, கணினி யுகத்திலும் அடிப்படை மாறாமல் நிலைத்திருக்கிறது.

பாரிஸுக்குக் கிழக்கே உள்ள கூப்வ்ரே கிராமத்தில் 1809-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது, தோல் வேலைக்கான கூரிய கருவி அவரது ஒரு கண்ணைக் காயப்படுத்தியது. தொற்று மறு கண்ணுக்கும் பரவியதால், சிறு வயதிலேயே பார்வையை முற்றிலும் இழந்தார்.

1819-இல் பாரிஸில் இருந்த பார்வையற்ற சிறார்களுக்கான அரச கல்வி நிலையத்தில் சேர்ந்தார். அங்கிருந்த நூல்களில் வழக்கமான லத்தீன் எழுத்துகளே காகிதத்தில் புடைத்து நிற்கும்படி அச்சிடப்பட்டிருந்தன. கனமான அந்நூல்களை ஒவ்வோர் எழுத்தாகத் தடவித்தான் படிக்க முடிந்தது. அம்முறையில் மாணவர்கள் தாமாக எழுதுவதோ மிகக் கடினம்.

1821-இல் ராணுவ அதிகாரி சார்லஸ் பார்பியே வகுத்த புள்ளி எழுத்து முறை அங்கு அறிமுகமானது. ஒரு குறியீட்டில் 12 புள்ளிகள் வரை இருந்ததால் விரல் நுனிக்குள் அது அடங்கவில்லை. ஒலிகளை மட்டுமே குறித்ததால் சொற்களைச் சரியான எழுத்துக்கூட்டலுடன் எழுதவும் இயலவில்லை. இக்குறைகளைக் களைந்து, மூன்று வரிசைகளில் இரண்டிரண்டாக ஆறு புள்ளிகள் கொண்ட முறையை 15-ஆவது வயதில் பிரெய்லி உருவாக்கினார். 1829-இல் அதை நூலாக வெளியிட்டார். இசைக் குறிப்புகளையும் அப்புள்ளிகளாலேயே எழுதலாம் என்று அதில் காட்டினார்.

பின்னர் அதே நிலையத்தில் ஆசிரியராகவும், பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் இசைக் கலைஞராகவும் பணியாற்றினார். மாணவர்கள் புதிய முறையை விரும்பிக் கற்றபோதிலும், பார்வையுள்ளோர் படிக்க இயலாத எழுத்து என்ற தயக்கத்தால் நிர்வாகம் அதை உடனே ஏற்கவில்லை. காசநோயால் பாதிக்கப்பட்ட பிரெய்லி, 1852 ஜனவரி 6-இல் தமது 43-ஆவது வயதில் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்தே, 1854-இல், அவரது முறைக்கு அதிகாரபூர்வ ஏற்பு கிடைத்தது. நூற்றாண்டு நினைவாக 1952-இல் அவரது உடல் பாரிஸின் பாந்தியோன் நினைவிடத்துக்கு மாற்றப்பட்டது. கைகள் மட்டும் சொந்த ஊரிலேயே வைக்கப்பட்டன.

ஒவ்வொரு புள்ளியும் புடைத்திருக்கும் அல்லது புடைக்காதிருக்கும் என்ற இரு நிலைகள், கணினியின் ஒன்று, சுழியம் என்ற கணக்கோடு பொருந்துகின்றன. ஆறு புள்ளிகளால் 64 வடிவங்கள் கிடைக்கும். கணினிப் பயன்பாட்டுக்காக மேலும் இரு புள்ளிகள் சேர்க்கப்பட்டதால் அவை 256 ஆயின. இவை அனைத்துக்கும் 1999-இல் வெளியான யூனிகோட் மூன்றாம் பதிப்பு, 10,240 முதல் 10,495 வரையிலான எண்களை ஒதுக்கியது.

முதல் புள்ளியின் மதிப்பு 1, இரண்டாவதன் மதிப்பு 2, மூன்றாவதன் மதிப்பு 4 என அடுத்தடுத்து இரட்டிப்பாகிறது. புடைத்த புள்ளிகளின் மதிப்புகளை 10,240-உடன் கூட்டினால் அவ்வடிவத்தின் எண் கிடைத்துவிடும். முதலும் மூன்றும் புடைத்திருந்தால் 10,245.

இந்த எண் புள்ளிகளின் அமைப்பை மட்டுமே குறிக்கிறது; எழுத்தை அல்ல. ஆங்கிலத்தில் 'கே' எனப் படிக்கப்படும் அதே வடிவம், இந்திய மொழிகளுக்காக 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லியின்படி தமிழில் 'க' ஆகிறது. எந்த மொழி என்பதைப் படிப்பவரே அறிந்துகொள்கிறார். ஒரே புள்ளித் தொகுதியில் பல மொழிகளை எழுத இதுவே வழிசெய்கிறது.

பிரெய்லியின் 200-ஆவது பிறந்த ஆண்டான 2009-இல் இந்திய அரசு அவரது நினைவாக 2 ரூபாய் நாணயம் வெளியிட்டது.