எஸ்தர் ஹௌலண்டு அம்மையார்

பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாளை மேனாட்டார் வாலண்டைன் திருநாள் என வழங்குவர். அது காதலர்க்கே உரியதென நம்மவர் பலரும் எண்ணுவர். அமெரிக்க நாட்டிலோ அது பள்ளிச் சிறார்க்கும் உரிய நாளாகும். அந்நாளுக்குச் சின்னாள் முன்னரே, தாயேனும் தந்தையேனும் இளங்குழந்தையை அருகிருத்திக்கொண்டு, பாதரட்சை வைத்திருந்த வெற்று அட்டைப் பெட்டியொன்றை எடுத்து, அதன்மேற் செந்தாளும் வெண்தாளும் ஒட்டி, மூடியிற் கடிதம் நுழையுமளவு ஒரு பிளவு வெட்டுவர். தாளொன்றை இரண்டாக மடித்து, மடிப்பின் ஓரத்தில் அரை இதயத்தை வரைந்து கொடுத்தால், குழந்தை அதனைக் கத்தரித்து விரித்து, முழு இதயமாகக் கண்டு மகிழும். விளிம்பைச் சுற்றிப் பின்னல் வேலைப்பாடுடைய மெல்லிய வெண்தாளை ஒட்டிப் பிள்ளையின் பெயரை எழுதிவிட்டாற் பெட்டி முடிந்தது. வகுப்பிலுள்ள ஏனைய பிள்ளைகள் தத்தம் வாழ்த்துச் சீட்டுகளை அதனுள் இடுவர்.

அப் பின்னல் தாளையும், தாளின்மேற் தாள் அடுக்கி அழகுசெய்யும் முறையையும் அமெரிக்க மக்களிடையே பரப்பியவருள் முதன்மையாக வைத்தெண்ணத் தக்கவர் எஸ்தர் ஹௌலண்டு என்னும் பெண்மணியார். அவர்தம் வரலாறு நம் மாணவ நண்பர் அறிந்து இன்புறற்பாலதாகலின், ஈண்டு எழுதத் துணிந்தேன்.

அம்மையார் 1828-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாகாணத்து உஸ்டர் நகரிற் பிறந்தார். தந்தையார் அந்நகரிற் புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் பெருங்கடை நடத்தியவர். அவர் தாமே ஒரு நூலும் தொகுத்து 1840-இல் வெளியிட்டார். அன்பு வாழ்த்துகளால் பெயர்பெற்ற மகளைப் பயந்த அப்பெரியார் தொகுத்ததோ, நீராவிக் கப்பல்களும் இரயில் வண்டிகளும் அடைந்த விபத்துகளின் வரலாறு! அன்னையாரும் எழுதுகோல் பிடித்தவரே. சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் வகையையும் சமையல் முறைகளையும் கூறும் நூலொன்றை 1844-இல் வெளியிட்டனர். இங்ஙனம் தாளும் மையும் நிறைந்த மனையிலே எஸ்தர் வளர்ந்தார்.

பெண்களுக்கு உயர்கல்வி அளித்தல் அரிதாயிருந்த அக்காலத்தில், மேரி லையன் அம்மையார் 1837-இல் தொடங்கிய மவுண்ட் ஹோலியோக் கல்விச்சாலையிற் பயின்று, எஸ்தர் 1847-இல் தேறினார். அக்கழகத்திற் சமையலும் சலவையும் துப்புரவும் மாணவிகளே செய்தனர். ஒவ்வொரு குழுவிற்கும் ஒவ்வொரு பணி வகுக்கப்பட்டிருந்தது. அதனாற் கல்விக் கட்டணமும் குறைந்தது. வாலண்டைன் சீட்டு அனுப்புதலோ அங்கு விரும்பப்படவில்லை. எஸ்தர் வெளியேறியபின் அங்குப் பயின்ற எமிலி டிக்கின்சன் என்னும் பெரும் புலவர், 1848-இல் தம் தமையனார்க்கு எழுதிய கடிதத்தில், மேரி லையன் அம்மையார் இச்சீட்டுகளை விலக்கியமையும், மாணவியர் சிலர் அவ்விலக்கைக் கடந்தமையும் குறிப்பிட்டுள்ளார். அத்தகைய சாலையிலிருந்தே இத்தொழிலின் தலைவி தோன்றினார் என்பது வியப்பன்றோ!

கல்வி முடிந்த காலத்தில், தந்தையாரோடு வாணிகத் தொடர்புடைய ஒருவரிடமிருந்து ஆங்கில நாட்டு வாழ்த்துச் சீட்டொன்று அவர்க்குக் கிடைத்தது. அச்சுப் பதித்த தாளின் மேலெழுந்த புள்ளிகளை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, நூற்பின்னல் போலத் துளைகள் தோன்றச் செய்யும் கலை அந்நாளில் இங்கிலாந்திற் சிறந்திருந்தது. அதனை உற்று நோக்கிய எஸ்தர், இத்தகையதைத் தாமும் செய்யலாமே என எண்ணினார். தந்தையாரை வேண்டிப் பின்னல் தாளும் பூப்படங்களும் நியூயார்க்கிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருவித்து, ஏறத்தாழப் பன்னிரண்டு மாதிரிகளைத் தம் கையாலேயே ஒட்டி முடித்தார். கடைக்காக ஊரூராய்ச் செல்லும் தமையனார் அவற்றை எடுத்துச் சென்றார். இருநூறு டாலர் அளவிற்கு வேண்டுகோள் வரினும் போதும் என்றிருந்தார் எஸ்தர். தமையனார் கொணர்ந்ததோ ஐயாயிரம் டாலருக்கு மேற்பட்ட வேண்டுகோள் என்று சொல்லப்படுகிறது. இருபதாண்டும் நிரம்பாத பெண்ணொருத்தி தனித்துச் செய்து முடிக்கவியலாத அளவு அது.

அவர் பின்வாங்கினாரல்லர். வீட்டின் மூன்றாம் மாடியையே பணிமனையாக்கித் தோழியரை அழைத்தார். ஒருத்தி படங்களைக் கத்தரிப்பாள். மற்றொருத்தி வண்ணத் தாள்களைத் தெரிந்து அடியில் அமைப்பாள். பிறிதொருத்தி பின்னல் தாளை மேலொட்டுவாள். இவ்வாறு சீட்டு ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும். முதற்படியை வரைந்து காட்டுதலும், முடிந்தவற்றை ஆராய்ந்து கொள்ளுதலும் அம்மையார்க்கு உரியன. மோட்டார் வண்டித் தொழிலாற் புகழ்பெற்ற தொடர்வேலை முறை, அதற்கு அறுபதாண்டு முன்னரே ஒரு வீட்டின் மேன்மாடியிற் பெண்களால் நடைபெற்றது. இதற்கு வித்து, கல்விச்சாலையில் வகுத்துச் செய்த வீட்டுப் பணியே என்பது அடியேன் கருத்து.

நகரச் செய்தித்தாளில் 1850-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர்தம் விளம்பரம் வெளிவந்தது. வேலை பெருகவே, வீட்டைவிட்டு வரவியலாத மகளிர்க்கு வேறு வழி கண்டார். வேண்டிய தாள், படம், மாதிரி அனைத்தையும் ஒரு பெட்டியில் அடக்கி வீட்டிற்கே அனுப்புவார். அவர்கள் ஒட்டி முடித்தபின் வண்டிக்காரன் வந்து எடுத்துச் செல்வான். தம் மனையிலிருந்தபடியே கூலி பெறும் வழி பெண்களுக்கு மிக அருகியிருந்த காலம் அது. அம்மையார் கூலியும் குறைவின்றி அளித்தார் என்பர்.

அவர்தம் சீட்டுகளின் நயத்தையும் ஒரு சிறிது கூறுவேன். பின்னல் தாளின் கீழே பளபளக்கும் வண்ணத்தாளின் சிறு துண்டை வைத்தார். துளைகளின் வழியே அந்நிறம் ஒளிர்ந்தது. விசிறிபோல் மடித்த தாள் நறுக்குகளை இடையே ஒட்டி, மேலடுக்கு உயர்ந்து நிற்கச் செய்தார். நூலை இழுத்தாற் பூங்கொத்து விலகி, மறைந்திருந்த செய்யுள் தோன்றும்படியும் சில அமைத்தார். செய்யுள் பிடிக்கவில்லை என்பார்க்காக, 1879-இல் செய்யுட் புத்தகமொன்றும் அச்சிட்டனர். விரும்பியதை அதிலிருந்து தேர்ந்து, பழையதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

அன்பை விலைப்பொருளாக்கினாரே என்று குறை கூறுவாரும் உளர். அக்குறை முற்றும் பொய்யென்று கூறேன். தொழில் உச்சநிலையில் ஆண்டுக்கு ஒரு நூறாயிரம் டாலர் ஈட்டியது என்பர். அத்துணைப் பேருடைய அன்பும் அவ்வொரு மேன்மாடியிலா பிறந்திருக்கும்? ஆயினும் சொல்லத் தெரியாதவர்க்குச் சொல்லும், வரையத் தெரியாதவர்க்குப் படமும் அவர் கொடுத்தார். தேர்ந்தெடுத்துப் பெயரெழுதி அனுப்பும் உள்ளம் வாங்குவோருடையதே. அமெரிக்காவில் முதன்முதல் இச்சீட்டுகளைச் செய்தவர் அவரே என்பாரும் உளர், அது பொருந்தாது. அவர்க்கு முன்னரே அச்சிட்ட சீட்டுகள் அங்கு விற்பனையாயின. 1845-இல் அஞ்சற் கட்டணம் குறைந்தமையும் அவர்க்குத் துணைபுரிந்தது.

1866-இல் முழங்காலில் நேர்ந்த ஊறு அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தியது. அதிலிருந்தவாறே தொழிலை நடத்தினார்; பின்னர் அதனை நியூ இங்கிலாந்து வாலண்டைன் கம்பெனி என்ற பெயரால் விரிவாக்கி, 1879-இல் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு மாற்றினார். ஈராண்டளவில் தந்தையார் நோயுற்றார். அவர்க்குத் தொண்டுசெய்யும் பொருட்டு, முப்பதாண்டுக்கு மேல் வளர்த்த தொழிலை ஜார்ஜ் விட்னி என்பார்க்கு விற்றுவிட்டார். தந்தையார் நெடுநாள் பிழைத்திலர். அம்மையார் மீண்டும் அத்தொழிலுக்குத் திரும்பவில்லை. திருமணம் செய்யாதிருந்தமையைச் சுட்டி நகையாடுவார் சிலர். அது வீண் பேச்சு.

1904-ஆம் ஆண்டு குவின்சி நகரில் அவர் மறைந்தார். விட்னி கம்பெனி 1942 வரை நடந்து, போர்க்காலத் தாள் பஞ்சத்தால் மூடப்பட்டது. அம்மையார் காலத்துச் சீட்டுகள் உஸ்டர் நகரின் அமெரிக்கப் பழம்பொருட் கழகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. அவற்றுட் சிலவற்றின் பின்புறத்தே, சிவப்பு மையில் எச் என்னும் ஒற்றை எழுத்து மிகச் சிறிதாகக் காணப்படும்.