பின் சக்கர டிஸ்க் பிரேக் ஏன் இறுகுது? 1902-லேயே தூசியோடு மல்லுக்கட்டிய லான்செஸ்டரின் கதை

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் சாலையில் கொஞ்ச நேரம் நின்றால், புதுக் கார்களை மேலும் கீழுமாக அடுக்கிக்கொண்டு நீளமான டிரெய்லர்கள் போவதைப் பார்க்கலாம். அலாய் வீல் இடைவெளியில் பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு தெரியும். அதைக் கவ்வியபடி ஒரு உலோக வாய். தட்டுதான் டிஸ்க், வாய்தான் காலிப்பர். 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. அதிலிருந்து இது இந்த வட்டாரத்துக்குப் பழகிப்போன காட்சி.

இதே சாலையில் தினம் ஷிஃப்டுக்குப் போய் வரும் கார்களின் கதை வேறு. டிப்பர் லாரி கிளப்பும் கல் தூசி, மழை வந்தால் சேறு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்து வண்டியை எடுத்தால், பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். மைலேஜ் குறையும். இறங்கிப் பார்த்தால் ஒரு பின் சக்கரத்தில் மட்டும் கருகின வாடை. பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது என்பார்கள் மெக்கானிக்குகள்.

கார் சக்கரத்தோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்தும் யோசனைக்கு 1902-ல் காப்புரிமை வாங்கியவர் ஃபிரெடெரிக் வில்லியம் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். அவரை அன்று தோற்கடித்ததும் சாலைத் தூசிதான்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியை அடித்த இளைஞர்

லான்செஸ்டர் பிறந்தது 1868 அக்டோபர் 23, லண்டன் லூயிஷத்தில். அப்பா கட்டட வடிவமைப்பாளர். சௌதாம்ப்டனிலும் லண்டனிலும் படித்தார். படிப்பை முடித்ததும் கிடைத்தது காப்புரிமை வரைபடங்கள் வரையும் வேலை. அடுத்தவர் கண்டுபிடிப்பை நாள் முழுக்க வரைந்து தருவதுதான் பிழைப்பு. பின்னால் தன் பெயரில் ஏராளமான காப்புரிமைகளை எடுத்தவருக்கு அது நல்ல பயிற்சியாகத்தான் இருந்திருக்கும்.

1889-ல் பர்மிங்ஹாமில் கேஸ் இன்ஜின் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். ஊழியர் கண்டுபிடிப்பது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. 20 வயசுப் பையன் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். சீக்கிரமே இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றை வடிவமைத்தார். அதைப் பொருத்திய ஒவ்வொரு இன்ஜினுக்கும் 10 ஷில்லிங் அவருக்கு வந்தது. பணம் விஷயத்தில் அவர் உஷாராக இருந்து அது பலித்த ஒரே இடம் அநேகமாக அதுதான்.

1895-96-ல் தன் முதல் காரை ஓட்டினார். குதிரை வண்டியில் இன்ஜினை மாட்டுவதுதான் கார் என்று பலரும் நினைத்த காலம் அது. லான்செஸ்டர் எல்லாவற்றையும் காருக்காகவே முதலிலிருந்து யோசித்தார். 1899 டிசம்பரில் பர்மிங்ஹாம் ஸ்பார்க்புரூக்கில் சொந்தக் கம்பெனி தொடங்கியது. தம்பிகள் ஜார்ஜும் ஃபிராங்கும் கூட இருந்தார்கள். ஒரு காரில் கழற்றிய பாகம் அப்படியே இன்னொரு காரில் பொருந்த வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்து, அதற்கான அளவுக் கருவிகளையும் செய்தார். ஒவ்வொரு போல்ட்டையும் அரத்தால் ராவிப் பொருத்திய காலத்தில் இது பெரிய விஷயம். ஒரகடத்தின் அசெம்பிளி லைன் இன்று நிற்பதே இந்த அடிப்படையில்தான்.

எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் லான்செஸ்டர் கார் வைத்திருந்தார். கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி நவாநகர் அரசரான பிறகு பல லான்செஸ்டர்களை வாங்கினார். பெயர் வந்த அளவுக்குக் காசு வரவில்லை.

செம்பு பேடு, காது கிழியும் சத்தம்

அன்றைய வண்டிகளில் பிரேக் என்றால் சக்கரத்தின் மேல் கட்டையை அழுத்துவது, அல்லது உருளையைச் சுற்றிப் பட்டையை இறுக்குவது. லான்செஸ்டர் யோசித்தது வேறு மாதிரி. பின் சக்கரத்தோடு ஒரு மெல்லிய உலோகத் தட்டைப் பிணைத்து, அதன் விளிம்பை இரண்டு தாடைகள் கிள்ளிப் பிடிக்கும். சைக்கிள் பிரேக் ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கிறதே, கிட்டத்தட்ட அதே கணக்கு. தட்டு வெளியே காற்றில் சுழல்வதால் சூடு சீக்கிரம் ஆறும்.

தட்டை உரச எதை வைப்பது? அங்கேதான் சிக்கல். கிடைத்ததில் செம்புதான் தேறியது. ஆனால் சாலைகள் மண் தடங்கள். தூசி தட்டுக்கும் செம்புக்கும் நடுவே புகுந்து உப்புத்தாள் போல அறுத்தது. செம்பு சீக்கிரம் தேய்ந்தது, பிரேக் போடும்போதெல்லாம் வீறிட்டுக் கத்தியது. மூடிய டிரம் பிரேக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. உலகம் டிரம் பக்கம் போனது.

1907 வாக்கில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற இன்னொரு ஆங்கிலேயர் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த உராய்வுப் பட்டையைக் கொண்டுவந்தார். சத்தமும் தேய்மானமும் குறைந்தன. ஃப்ரூட் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தைச் சேர்த்ததுதான் ஃபெரோடோ என்ற பெயர். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது பிறகு தெரிந்தது. பிரேக் தூசியை வாயாலோ ஏர் அடித்தோ ஊதக் கூடாது என்று பட்டறைகளில் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தூசி இப்போது உட்காரும் இடம்

இன்றைய பேடு தூசியைத் தாங்கும். ஆனால் காலிப்பருக்குள் அசையும் பாகங்கள் தாங்காது. பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கும். அது உள் பேடைத் தட்டில் அழுத்தும்போது, காலிப்பர் முழுசும் இரண்டு ஸ்லைடு பின்கள் மேல் நகர்ந்து வெளிப் பேடையும் இழுத்து வரும். காலை எடுத்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் நெகிழ்ந்து பிஸ்டனை இம்மியளவு பின்னால் இழுக்கும். அந்த இம்மிதான் சக்கரத்தின் விடுதலை. பின்னின் ரப்பர் உறை கிழிந்து தண்ணியும் தூசியும் போனால் கிரீஸ் காய்ந்து துரு பிடிக்கும். அதன் பிறகு கவ்வினது விடாது.

முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் ஏன் அதிகம்? பிரேக் போட்டால் வண்டியின் எடை முன்பக்கம் சாயும். பின் பிரேக்குக்கு வேலை கம்மி. சூடேறித் துருவைத் தேய்த்துத் தள்ளும் வாய்ப்பும் கம்மி. போதாததற்கு ஹேண்ட் பிரேக் கேபிளும் லிவரும் பல கார்களில் அந்தக் காலிப்பரிலேயே தொங்குகின்றன.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு ரிம் பக்கத்திலும் புறங்கையை நீட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான் ஆள். அடுத்து, சமதரையில் முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். லேசாக உரசுவது சகஜம். சுற்றவே மறுத்தால் முதலில் கேபிள் மேல் சந்தேகப்படலாம். காலிப்பரில் உள்ள லிவர் பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்புகிறதா? கேபிளைத் தளர்த்தினதும் சக்கரம் விடுபட்டால், கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கிறது.

அப்படி இல்லை என்றால் பிளீடிங் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பார்ப்பார்கள். பிரேக் ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி வழியை அடைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும் என்பதால் பலர் ஏமாறும் இடம் இது. நிப்பிளைத் திறந்தும் விடுபடாவிட்டால் கோளாறு பின்னிலோ, பேடின் காதுகள் உட்காரும் இடத்திலோ, பிஸ்டனிலோ. உள் பேடு தேய்ந்து வெளிப் பேடு புதுசு போல இருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் பலரும் காசை விடுகிறார்கள். பேடு மட்டும் மாற்றிக்கொண்டு வந்தால் சில மாதத்தில் அதே கதை. பின்னைக் கழற்றித் துருவைச் சுத்தம் செய்து, ரப்பர் உறையை மாற்றி, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்து, புது வேலையையும் கெடுத்துவிடும். ஹேண்ட் பிரேக் சேர்ந்த பின் காலிப்பரில் பிஸ்டனை நேராக அமுக்கக் கூடாது, அதற்கான கருவியால் திருகியே உள்ளே அனுப்ப வேண்டும். பிஸ்டன் மேல் துரு குழி விழுந்திருந்தால் சீல் மாற்றிப் பிரயோஜனமில்லை. எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் ஸ்கேனரால் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் கை வைக்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்ததா என்று பார்க்க வேண்டும். மறந்தால் முதல் மிதியில் பிரேக் இருக்காது.

மைலேஜ்தானே என்று தள்ளிப்போட முடியாத விஷயம் இது. இறுகின பிரேக்கின் சூடு ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். கொதித்து ஆவியானால் பெடல் சும்மா தரை வரை போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

கடன், கண், கடைசிக் காலம்

ஆர்டர்கள் இருந்தும் முதல் போதாமல் 1904-ல் லான்செஸ்டரின் கம்பெனி நொடித்தது. வேறு பெயரில் மீண்டும் தொடங்கினாலும் அதில் அவர் பிடி தளர்ந்தது. 1909-ல் கோவென்ட்ரி டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகரானார். ஒரகடத்தில் லாரி தயாரிக்கும் ஜெர்மன் டெய்ம்லர் வேறு, இது வேறு. இரண்டுக்கும் பெயர் வந்தது காட்லீப் டெய்ம்லரிடமிருந்து என்பது மட்டும் ஒற்றுமை.

விமானம் எப்படி மேலே நிற்கிறது என்பதை விளக்கி 1907, 1908-ல் இரண்டு புத்தகங்கள் எழுதினார். பல ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கட்டுரையாகக் கொடுத்தபோது அறிவியல் சங்கம் ஏற்கவில்லை. போரில் படைகளின் எண்ணிக்கை பலத்தை எப்படிப் பெருக்குகிறது என்று அவர் போட்ட கணக்கு இன்றும் அவர் பெயரிலேயே பாடமாகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினின் அதிர்வைக் குறைக்க அவர் சொன்ன, எதிரெதிர்த் திசையில் சுழலும் தண்டுகளைப் பல கார்களில் இன்றும் பார்க்கலாம். 1922-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

மரியாதைக்குக் குறைவில்லை, வருமானம்தான் இல்லை. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி காப்புரிமைக்கு ஆயுள் 14 வருஷம். 1902-ல் எடுத்த டிஸ்க் பிரேக் உரிமை, யாருக்கும் அது தேவைப்படாத காலத்திலேயே காலாவதியானது. 1931-ல் அவர் பெயர் தாங்கிய கார் கம்பெனியும் கைமாறியது. கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய், பார்வையும் மங்கியது. 1946 மார்ச் 8 அன்று பர்மிங்ஹாம் வீட்டில் வசதியின்றி இறந்தார்.

ஏழு வருஷம் கழித்து, 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் ஜெயித்தது. அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1962-ல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் கேர்லிங் பிரேக் நிறுவனமும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. பாடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ரொம்பத் தூரமில்லை. லான்செஸ்டர் பின் சக்கரத்துக்கென்று எழுதிய யோசனை, இந்தச் சாலையில் ஓடும் கார்களில் முதலில் வந்தது முன் சக்கரத்துக்கு. சின்ன கார்கள் பலவற்றில் பின்னால் இன்னும் டிரம்தான்.