டி. ஆர். சுந்தரம்

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் (ஜூலை 16, 1907 - ஆகஸ்ட் 30, 1963) தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளரும் இயக்குநரும் ஆவார். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். எது சிரிப்புக்குரியது, எது முகம் சுளிக்கத்தக்கது என்னும் அளவுகோல் தலைமுறைதோறும் மாறுவதற்கு இவருடைய படங்கள் சில சான்றாக அமைகின்றன.

வாழ்க்கை

இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோட்டில் நெசவுத் தொழில் சார்ந்த குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் துணித் தொழில்நுட்பம் பயின்றார். கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். நாடு திரும்பியபின் திரைத்துறையில் ஈடுபட்டு, 1935 இல் ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். இதன் முதல் படம் சதி அகல்யா (1937). முதல் மலையாளப் பேசும்படமான பாலன் (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) ஆகியவையும் இந்நிறுவனத்தின் தயாரிப்புகளே.

கேலியும் கண்டனமும்

தெருக்கூத்தின் கட்டியங்காரனும் நாடக மேடையின் பபூனும் அரசனையே கேலி செய்யும் உரிமை பெற்றிருந்தனர். இரட்டைப் பொருள் பேச்சும் அங்கு வழக்கமே. காளி என். ரத்னம் போன்ற மேடை நடிகர்கள் வழியாக இம்மரபு மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கும் வந்தது. ஆனால் திரைப்படம் தணிக்கைக்கு உட்பட்டது.

இரண்டாம் உலகப்போர்ப் பிரசாரப் படமான பர்மா ராணியில் (1945) சுந்தரமே கொடிய ஜப்பானியப் படை அதிகாரியாக நடித்தார். எதிரி நாட்டினரை இவ்வாறு காட்டுவது அன்று அரசின் விருப்பத்திற்கு உகந்ததாக இருந்தது. இன்று இனவெறுப்பு எனக் கண்டிக்கப்படக்கூடும். மாறாக, பாரதிதாசனின் எதிர்பாராத முத்தம் காவியத்தைத் தழுவிய பொன்முடி (1950), காதலர் நெருக்கத்திற்காகக் கண்டனத்திற்கு உள்ளானது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அப்படத்தின் காட்சிகள் இன்றைய பார்வையாளருக்கு அதிர்ச்சி தருபவை அல்ல.

சுந்தரம் இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதிய திரும்பிப்பார் (1953) அரசியல் நையாண்டிக்காகப் பேசப்பட்டது. சிவாஜி கணேசன் ஏற்ற பெண்பித்தர் பாத்திரத்தின் உடை, பிரதமர் நேருவை நினைவூட்டுவதாகக் கருதப்பட்டது. மேடையில் கட்டியங்காரனுக்கு இருந்த உரிமையைத் திரையில் வசனகர்த்தா எடுத்துக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

மறைவு

சுந்தரம் 1963 இல் காலமானார். நிறுவனம் அதன்பின்னும் படங்களைத் தயாரித்து, மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டது. படப்பிடிப்பு நிலையம் இருந்த இடம் பின்னர் குடியிருப்புப் பகுதியாக மாறியது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சியது.