பண்டிதை இரமாபாய்: பஞ்ச காலத்தில் வாங்கிய நிலம்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டை நிறைவுசெய்யும் இவ்வேளையில், பண்டிதை இரமாபாயின் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமென எண்ணுகிறோம். அவர் மராத்தியப் பெண்மணி. ஆயினும் அவரது இளமையைச் சூறையாடிய பஞ்சம் எமக்கு அந்நியமானதல்ல. 1870களில் தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சங்களே எம் பூட்டன் பூட்டிமாரில் பலரையும் கடல் கடந்து இம்மலைகளுக்கு நடக்கவைத்தன.

இரமாபாய் 1858 ஏப்ரல் 23இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி, பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்ற எதிர்ப்பையும் மீறித் தம் மனைவி இலட்சுமிபாய்க்குக் கற்பித்தவர். அந்தத் தாயிடமே மகளும் கற்றார். ஊர் ஊராகப் புராணம் வாசித்துப் பிழைத்த அக்குடும்பம் பஞ்சத்தில் சிக்கி, இலையையும் தண்ணீரையும் கொண்டு உயிர் பிடித்த நாட்களும் இருந்தன. தந்தை, தாய், தமக்கை என மூவரும் அடுத்தடுத்து மறைந்தனர். எஞ்சிய அண்ணன் சீனிவாசருடன் நெடுந்தூரம் நடந்து 1878இல் கல்கத்தா சேர்ந்தார். அங்கிருந்த அறிஞர்கள் அவரது புலமையைச் சோதித்துப் ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை வழங்கினர்.

துயரம் அத்துடன் ஓயவில்லை. 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு மணம்புரிந்த பிபின் பிகாரி மேதாவியை 1882இல் வாந்திபேதி கொண்டுபோனது. கையில் மனோரமா என்னும் பெண்குழந்தையுடன், 23 வயதில் இரமாபாய் விதவையானார்.

1883இல் இங்கிலாந்து சென்று அங்கே ஞானஸ்நானம் பெற்றார். சொந்த நாட்டில் பலர் அதை மன்னிக்கவில்லை. மறுபுறம், தமக்கு உதவிய திருச்சபையாரிடமும் அவர் தம் மனச்சாட்சியை ஒப்படைத்துவிடவில்லை. புரியாததைக் கேட்டார், ஏற்க முடியாததை மறுத்தார். 1889இல் பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். பின்னர் அது புனேக்கு மாறியது. மதமாற்றம் பற்றிய ஐயத்தால் 1893இல் பல பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொண்டனர்.

அந்தச் சோதனைக்குப் பின்னர்தான் அவர் புனேக்கு அப்பாலுள்ள கேட்காவில் நிலம் வாங்கி, கிணறு தோண்டி, பழமரங்கள் நட்டார். பள்ளியின் செலவுக்கு வருமானம் தேடுவதே நோக்கம். 1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் மூண்டபோது, தாம் பட்ட பசியை மறவாத அவர் நேரிற் சென்று நூற்றுக்கணக்கான பெண்களை மீட்டுவந்தார். அவர்களுக்கு இடங்கொடுத்தது அந்த நிலமே. முக்தி என்னும் அவ்வில்லத்தில், 1900இல் குஜராத் பஞ்சத்தின் பின் ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்தனர். படிப்புடன் நெசவும் அச்சுத்தொழிலும் கற்றனர்.

இவ்விடத்தில் எரேமியா தீர்க்கதரிசி எம் நினைவுக்கு வருகிறார். எருசலேமைப் பாபிலோனியர் முற்றுகையிட்டிருந்த வேளையில், காவலில் கிடந்த அவர் ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதி, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். அதன்பின்னரே, நகரம் விழப்போகையில் இது எதற்கு என்று கடவுளிடமே முறையிட்டார். நம்பிக்கை கேள்வியை அடக்குவதில்லை. கேள்வி இருக்கும்போதே நாளைக்குரிய வேலையைச் செய்துவைக்கிறது.

எரேமியாவின் நூல் உட்பட முழு வேதாகமத்தையும் மராத்தியில் தர, இரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். முக்தியின் பெண்களே அதை எழுத்துக்கோத்து அச்சிட்டனர். தமக்குப்பின் இல்லத்தை நடத்துவாரென நம்பியிருந்த மனோரமா 1921இல் இறந்தார். தாய் மொழிபெயர்ப்பை முடித்து, 1922 ஏப்ரல் 5இல் கண்மூடினார். முழு நூல் 1924இல் வெளிவந்தது. அவர் அதைக் காணவில்லை.

நிலத்தின் உறுதி என்றால் என்னவென்று ஊவாத் தோட்டங்களில் வளர்ந்த எமக்குத் தெரியும். தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்தும் காலடி மண்ணுக்குக் காகிதம் இல்லாதவர் எம்மவர். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது, எல்லாம் ஆண்டவன் சித்தம் என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. எரேமியா அவ்வளவில் நிறுத்தியிருக்கமாட்டார். அவர் அழுதிருப்பார், கேட்டிருப்பார், நிலத்துக்கு உறுதியும் எழுதுவித்திருப்பார்.

எம் அம்மாமாரும் அப்படித்தான் செய்தனர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், மழையில் நனைந்து கொழுந்து பறித்த காசில் எமக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கித்தந்தனர். நாம் என்ன ஆவோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இன்று கொழும்பிலும் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் இம்மலரை விரிக்கும் சகோதரிகளே, அந்தச் சப்பாத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இன்னும் எமது லயங்களில் இருக்கின்றனர்.